தீப்பெட்டி ஆபீஸ் சர்வருக்குக் குரல் வந்த கதை

அமுதவள்ளி கடையிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரும் ஒருமுறை அணைந்து எழாமல் வெளியே போனதில்லை. பழுது பார்த்து முடித்ததும் அணைப்பாள். மறுபடி எழுப்புவாள். எல்லாம் வந்தபடியே திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகே ஒயர்களைச் சுருட்டிக் கட்டுவாள்.

"வாங்க வந்த ஆளே ஒரு தூக்கம் போட்டு எந்திச்சிட்டாரு, ஒங்க பெட்டி இன்னும் எந்திக்கலையாக்கா?" என்று பக்கத்து ஜெராக்ஸ் கடை பாண்டியராஜன் கேட்பான்.

"ஒன் மிஷின் பேப்பரை மென்னு துப்புதே, அதைப் போய் பாருலே" என்பாள்.

கோவில்பட்டியில் அவளுக்குப் பெரும்பாலும் தீப்பெட்டி செய்யும் ஆபீஸ்களும் பருத்திக் கமிஷன் கடைகளும்தான் வாடிக்கை. அப்படி ஒரு தீப்பெட்டி ஆபீஸை மூடியபோது, கணக்குப் பிரிவுக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவாக ஓடிய சர்வரை அவளிடம் தள்ளிவிட்டார்கள். இரும்புப் பெட்டி. ஆள் தூக்கினால் இடுப்பு பிடிக்கும். அது அவள் கடை மூலையில் கிடந்த வாரத்தில்தான் ப்ரியதர்ஷினியிடமிருந்து போன் வந்தது.

ப்ரியதர்ஷினிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எட்டயபுரத்துக்கு அப்பால் கரிசல் காட்டு ஊர். தாய் முத்துத்தாய் ஆடு வளர்க்கிறாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரலைக் கேட்டுக் கேட்டே பட்டம் படித்தவள் ப்ரியதர்ஷினி. அந்தக் குரல் ஓடுகிற வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவளுடைய லேப்டாப் செத்துப்போயிருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு நிறுவனத்தின் தேர்வு. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். தவறவிட்டால் மறு வாய்ப்பு கிடையாது என்று எழுதியிருந்தார்கள்.

கடையில் வேறு உருப்படியான பெட்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அமுதவள்ளி அந்த சர்வரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

போன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெட்டிக்குச் சத்தம் போடவே வழி கிடையாது என்று. கணக்குப் பார்க்கிற சர்வருக்குப் பாட்டு எதற்கு என்று செய்தவர்கள் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லவேளையாக, யூஎஸ்பியில் செருகும் சவுண்ட் கார்டு ஒன்று பையில் இருந்தது. செருகினாள். அப்போதும் ஊமைதான். வீட்டு உபயோக விண்டோஸை ஏற்றப் பார்த்தாள். அதற்கு சர்வரின் ஹார்டு டிஸ்க் கண்ணிலேயே படவில்லை. ஆகவே இருக்கிற சர்வர் விண்டோஸையே வழிக்குக் கொண்டுவர வேண்டும். அதில் பின்னணியில் ஓடிச் சத்தம் தரும் 'சேவை' என்ற நிரல் தூங்கிக்கொண்டிருந்தது. தேடிப் பிடித்து 'ஸ்டார்ட்' அழுத்தி, திரை வாசிக்கும் மென்பொருளையும் ஏற்றினாள். ப்ரியதர்ஷினி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரித்தாள். பிரவுசர் தேர்வுத் தளத்தைத் திறக்க மறுத்தது; அதன் பாதுகாப்புக் கெடுபிடியைத் தளர்த்தியதும் தளம் திறந்தது.

வெளியே ஆடுகள் கத்தின.

"தாயி, இதென்ன கடலை ஒடைக்க மிஷினு மாதிரி இரையுது? குட்டியெல்லாம் கயித்தை அத்துக்கிட்டு ஓடப் பாக்கு" என்றாள் முத்துத்தாய்.

"ஃபேன் சத்தம்மா. எந்திக்கையில இன்னும் கூப்பாடு போடும்" என்றாள் அமுதவள்ளி.

எழும்போது கூப்பாடு மட்டுமில்லை, வெகுநேரமும் எடுக்கும். அதற்குள் கோவில்பட்டி பஸ் போய்விடும். அமுதவள்ளி அணைத்துப் பார்க்காமலே கிளம்பினாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை கடை திறந்த கையோடு போன் அடித்தது.

"யக்கா, கரண்டு போயிட்டு வந்துச்சு. பெட்டி உறுமுது, பேச மாட்டேங்குது." ப்ரியதர்ஷினிதான். "பாஸ்வேர்டை விரல் கணக்குல அடிச்சிட்டேன். உள்ள போச்சா போவலையான்னு தெரியல."

அமுதவள்ளிக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தச் சேவையை நேற்று ஓடவிட்டாளே தவிர, பெட்டி எழும்போதெல்லாம் தானாக ஓட வேண்டும் என்று குறித்து வைக்கவில்லை. ஒருமுறை அணைத்துப் பார்த்திருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

"போனை ஸ்பீக்கர்ல போடு. அம்மா எங்க? அம்மா, திரையில என்ன தெரியுது?"

"சதுரமா ஒண்ணு நிக்குது தாயி. உள்ள ஒரு கட்டம். கட்டத்துல ஒரு கோடு மினுக்கு மினுக்குன்னு அடிக்கி. நான் ஆட்டைக் கண்டேன், எழுத்தைக் கண்டேனா?"

பாஸ்வேர்டு உள்ளே போயிருக்கிறது. அந்தச் சதுரம் சர்வரின் குணம். கரண்டு போய் அணைந்தால் சும்மா விடாது. ஏன் அணைந்தது என்று விளக்கம் கேட்கும்.

"அந்தக் கட்டத்துல எதையாவது அடி ப்ரியா."

"என்னன்னு அடிக்க?"

"என்னத்தையும் அடி. மார்க்கா போடப் போகுது?"

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "கரண்டு போச்சுன்னு அடிச்சிட்டேன்."

"டேப் தட்டு. என்டர் தட்டு."

"சதுரம் போயிட்டு தாயி!" என்று முத்துத்தாய் கூவினாள்.

பத்து நெருங்கிக்கொண்டிருந்தது. பாண்டியராஜன் தன் கடையை விட்டுவிட்டு வந்து நின்றான். அமுதவள்ளி சத்தச் சேவையை எழுப்பும் கட்டளையைச் சொன்னாள்.

"விண்டோஸ் கீயோட ஆர். இப்ப நெட்டுன்னு அடி, எடம் விடு. ஸ்டார்ட், எடம் விடு. ஏ, யூ, டி, ஐ, ஓ. சேத்தே எஸ், ஆர், வி. என்டர்."

"கருப்பா ஒண்ணு வந்துட்டு ஓடிப்போச்சு" என்றாள் முத்துத்தாய்.

வேலை செய்துவிட்டு ஓடியதா, செய்யாமல் ஓடியதா? இங்கிருந்து எப்படித் தெரியும்?

"இப்ப ஒன் மென்பொருளை எழுப்பு. கன்ட்ரோல், ஆல்ட், என். கேக்குதா?"

அமுதவள்ளி போனைக் காதோடு அழுத்தினாள்.

"ப்ரியா, கேக்குதா?"

லைன் அறுந்தது. திரும்ப அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப் என்றது. மறுபடி அடித்தாள். அதே பதில்.

"கடையைப் பாத்துக்கோலே" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

அந்தப் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் சேர்த்தது. சன்னலுக்கு வெளியே மக்காச்சோளமும் உளுந்தும் போய்க்கொண்டிருந்தன. சவுண்ட் கார்டு கழன்றிருக்குமோ. மறுபடி கரண்டு போயிருக்குமோ. பத்து மணி எப்போதோ தாண்டியிருந்தது. ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறங்கி வேகமாக நடந்தாள்.

ஃபேன் இரைச்சல் தெருமுனை வரை கேட்டது. கரண்டு இருக்கிறது. ஆடுகளைத் தூரத்து வேம்பில் கட்டிவிட்டு முத்துத்தாய் வாசலில் காவல்போல நின்றிருந்தாள். இவளைக் கண்டதும் வாயில் விரலை வைத்தாள்.

"பேசுச்சா?" அமுதவள்ளி கிசுகிசுத்தாள்.

"எனக்கு எங்க கேக்கு? காதுல மாட்டிருக்கா. ஆனா சிரிச்சா. பரிச்சைக்குப் போன் இருக்கக் கூடாதாமே, அதை அமத்தி எங்கிட்டக் குடுத்துட்டு, வெளிய போன்னு தள்ளிவிட்டுட்டா."

உள்ளே விசைகள் மழைபோல விழுந்துகொண்டிருந்தன. நிற்கும், அவள் ஒலிப்பதிவுக்குக் காதுகொடுப்பாள், மறுபடி விழும். ஒவ்வொரு தடவை நின்றபோதும் அமுதவள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஃபேன் இரைச்சலை இப்படி ஆசையாக அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியில் விசைகள் ஓய்ந்தன. கதவு திறந்தது.

"அடுத்த சுத்துக்கு எடுத்திருக்காங்களாம். இப்பத்தான் அந்தக் குரல் வாசிச்சிச்சு" என்றாள் ப்ரியதர்ஷினி. பிறகு, எதிரே யார் நிற்கிறார்கள் என்று காற்றிலேயே அறிந்தவள்போல, "யக்கா, நீங்களா? பஸ் ஏறியா வந்தீங்க?"

அமுதவள்ளி நேரே உள்ளே போனாள். சத்தச் சேவையைத் தேடித் திறந்து, பெட்டி எழும்போதெல்லாம் தானாக ஓடும்படி குறித்தாள். பிறகு சர்வரை அணைக்கப் போனாள். ஏன் அணைக்கிறாய் என்று அது கேட்டது.

"என்ன காரணம் குடுக்கீங்க?" என்றாள் ப்ரியதர்ஷினி.

"நேத்துச் செய்யாத வேலைன்னு."

பெட்டி அணைந்தது. ஆடுகள் அமைதியாயின. அமுதவள்ளி பொத்தானை அழுத்தினாள். இரைச்சல் எழுந்தது, குட்டிகள் கத்தின. அவள் ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, குரல் தானாக வருகிறதா என்று காத்திருந்தாள். கோவில்பட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை.