ரோட்டுக்கு அந்தாண்டை மாதா கோயில்

கொதிக்கிற தாரின் வாசனை ஏசி அறைக்குள்ளும் வரும். ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் வரும்.

2011 வாக்கில்... ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பேங்குக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேலே நாங்கள் ஒரு ரோட்டை இடித்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டரில்தான்.

அமெரிக்காவில் ஒரு நகரம். பெயர் வேண்டாம். கறுப்பின மக்கள் குடியிருந்த தெருக்களை அந்தக் காலத்தில் இடித்து, நடுவே உயரமாக ஒரு நெடுஞ்சாலை போட்டிருந்தார்கள். ஊர் இரண்டாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு, மரம் வைத்த சாதாரண வீதியாக மாற்றலாமா என்று அங்கே பெரிய சண்டை. புறநகரிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு நெடுஞ்சாலை வேண்டும். பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வேண்டாம். ஓட்டு எந்தப் பக்கமோ அரசியல்வாதிகள் அந்தப் பக்கம். அதில் மட்டும் அமெரிக்கா, எங்கள் ஒரகடம் என்று வித்தியாசம் கிடையாது.

அங்கேயுள்ள கம்பெனிக்கு இங்கிருந்து வரைந்து கொடுப்பதுதான் எங்கள் வேலை; டிராயிங் எல்லாம் எங்களிடம் வரும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஜனங்கள் சொன்னதும் கூடவே வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரிக்க வேண்டும். நடந்தே என் சர்ச்சுக்குப் போக முடியுமா என்று ஒரு வயதான பெண்மணி கேட்டிருந்தார். அவருக்காக சிக்னல் நேரத்தை நீட்டினோம். நடு ரோட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு திட்டு வைத்தோம்.

"அருள், அந்த லேடி ஹேப்பியா இருக்கணும்," என்றார் மேனேஜர் ரகு.

ஹேப்பி!

அதே சமயம் ஒரகடம் ரோட்டில் எங்கள் ஊர். வீடுகள் இந்தப் பக்கம். மாதா கோயிலும் கல்லறையும் அந்தப் பக்கம். நடுவில் ஆறு வழிச் சாலை, சிமெண்ட் தடுப்பு. எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் லாரியில் தடுப்புகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சாயங்காலம் ஊர் இரண்டு.

அம்மாவுக்கு முட்டி வலி. அவள் தோழி ரோசம்மாவின் வீடு கோயிலை ஒட்டியே இருந்தது. பூசை முடிந்து அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால்தான் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை. இப்போது யூ-டர்ன் எங்கேயோ இருந்தது. ஊரைத் தாண்டி தூரத்தில், புதிதாக வந்த ஒரு பேக்டரியின் கேட்டுக்கு எதிரே மட்டும் தடுப்பில் அழகாக வழி விட்டிருந்தார்கள். கம்பெனி பஸ் திரும்பணுமே...

"அந்தக் கம்பெனிக்காரன் சாமி கும்புடவா போறான்? அவனுக்கு வழி கீது, எனுக்கு இல்லியாடா?" என்றாள் அம்மா.

பக்கத்து சீட் முருகேசனிடம் புலம்பினேன். திருநெல்வேலிக்காரன். "அமெரிக்காக்காரிக்கு வரைஞ்சோம், நம்ம அம்மைக்கு வரைய மாட்டமாண்ணே?" என்று லஞ்சைப் பாதியில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். எங்கள் ஊருக்கு ஒரு சிக்னல், ஒரு பாதை, நடுவில் ஒரு திட்டு. பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துத் தந்தான்.

ஊர்த் தலைவரை முன்னால் விட்டுக்கொண்டு நெடுஞ்சாலை ஆபீசுக்குப் போனோம். அதிகாரி தாளை விரித்தார். பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன தலைவரே, வண்டியெல்லாம் ராங் சைடுல வருது? உங்க ஊர்ல மட்டும் இனிமே ரைட்டுல ஓட்டப் போறீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். வலது பக்கம் வண்டி ஓட்டுகிற தேசத்துக்கே வரைந்து வரைந்து பழகிய கை. அம்புக்குறி எல்லாம் அமெரிக்கப் பக்கம்! தினமும் அதையே பார்த்த என் கண்ணுக்கும் உறுத்தவில்லை.

"சார், அம்புக்குறியைத் திருப்பிடலாம். ஜனங்க நடக்கிற இடம் அதேதான் சார்," என்றேன். யார் கேட்டார்கள்? அறையே சிரித்துக்கொண்டிருந்தது. சத்தமாகச் சிரித்தவர் எங்கள் தலைவர்.

வெளியே வந்ததும், "படிச்சவன்னு நம்பி வந்தேன் அருளு... மானத்த வாங்கிட்டியே," என்றார். அதன்பிறகு வழி என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "அருளு போட்ட படத்தால கெட்டுச்சி." திருத்திய படத்தோடு நான் தனியாக எத்தனையோ முறை போய் அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. தலைவரின் மச்சான் அதே பேக்டரிக்கு பஸ் விட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றுவரை அவரோடு பேச்சில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

அந்த அமெரிக்க வீதி இப்போது திறந்தாகிவிட்டது. ரகு அங்கேயே செட்டில். மர நிழலில், கையில் காபியோடு ஒரு போட்டோ போட்டிருந்தார். பழைய ஆபீஸ் குரூப்பில் வரிசையாக "சூப்பர் சார்". முருகேசன் மட்டும் போன் பண்ணினான். "அண்ணே, நாம வச்ச திட்டுல நின்னுல்லா போஸ் குடுக்காரு, பாத்தியளா?"

அந்தப் பெண்மணி இன்னும் அங்கே இருக்கிறாரா என்று தேடினேன். தெரியவில்லை. நெடுஞ்சாலை போனதும் மனை விலை ஏறி, பழைய ஆட்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறுகிறார்களாம். கேள்வி கேட்டவர்களுக்கு அங்கேயும் கிடைத்தது இவ்வளவுதான்.

போன மாதம் ரோசம்மா இறந்துவிட்டார்.

முன்பெல்லாம் ஊரில் சாவு என்றால் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நடந்து போவார்கள். அம்மா ஆட்டோவுக்காகக் காத்திருந்தாள். சுற்றிப் போகணும் என்றதும் எவனும் வரவில்லை. நான் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். நேரே கல்லறைக்குப் போய், அம்மாவுக்கும் சேர்த்து மண் போட்டுவிட்டு வந்தேன்.

அம்மா இன்னும் ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடு.

"கூட்டம் நல்லா இருந்துச்சாடா?" என்றாள். "எனுக்கு ஒண்ணும் தெரில... கண்டெய்னர் லாரி வந்து மறைச்சுகினே இருந்துச்சி."