வீரசோழன் கடைவீதியில் கிடைத்த ஜப்பானியப் புத்தகங்கள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் அருவி, மலை என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை எங்கள் வறண்ட காட்டுக்குள்ளேயே ஒரு பயணம். அருப்புக்கோட்டையிலிருந்து வீரசோழனுக்கு, பஸ்ஸில், ஜப்பானிய மொழிப் புத்தகம் தேடி. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். போகிற வழியில் கண்டக்டரே சிரித்தார்.

காரணம் என் மனைவி முத்துலட்சுமி. நர்சிங் படித்தவள். ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருட ஆசை. அதற்கு மொழித் தேர்வில் தேற வேண்டும். முதல் தடவை வாசிப்புப் பகுதியில் நேரம் போதாமல் தோற்றாள். அடுத்த தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

அவளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்த மகராசன் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கும்போது "வளர்ற புள்ள" என்று சொல்லி இரண்டு இஞ்ச் கூட்டித்தான் தைப்பார்கள். எட்டாவதில் தைத்த சட்டை எனக்குப் பத்தாவதில்தான் பொருந்தியது. அதே புத்தியோடு, சென்னைக்குப் போனபோது ஒரு கடையில் "இருக்கதுலயே பெருசாக் குடுங்க, நாளைக்கும் ஆகும்" என்று கேட்டு வாங்கி வந்தேன். விலை 1,450 ரூபாய். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை கனம். முத்து அதோடு நாலு மாதம் மல்லுக்கட்டினாள். ஒரு பக்கத்தில் பாதிச் சொல் தெரியாது. எல்லாவற்றையும் அகராதியில் தேடி முடிப்பதற்குள் முதலில் தேடியது மறந்திருக்கும்.

அருப்புக்கோட்டைக் கடைகளில் ஹிந்தி கற்கப் புத்தகம் உண்டு, மலையாளத்துக்கும் உண்டு. ஜப்பானிய மொழிக்கு இல்லை. போனில் படித்துப் பார்த்தாள், கண் எரிச்சல்தான் மிச்சம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு மூளை அம்புட்டுத்தான் போலங்க. மில்லு ஆஸ்பத்திரியில நர்சு வேலை காலியா இருக்காம். திங்கக்கெழமை போயிச் சேந்துக்கிறேன்."

மில் வேலை ஒன்றும் குறைச்சலானதில்லை. ஆனால் ஷிப்ட் மாறி மாறி வரும், படிப்பு அத்தோடு போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் நூல் மண்டியில் லோடு புக்கிங் பார்க்கிறேன். அங்கே வந்துபோகும் வீரசோழன் வியாபாரி ஒருவர் எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எங்க ஊர்ல பரீதான்னு ஒருத்தவுக. வீட்டுக்காரருக்குப் பழைய கார் ஏவாரம். எட்டு வருசம் ஜப்பான்ல குடும்பத்தோட இருந்துட்டு வந்தாக. இப்பப் புள்ளைக சட்டைக் கடை வச்சிருக்காக." அவரிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். "நாளைக்குக் கடையிலதான் இருப்பேன், கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார் பரீதாக்கா.

"உங்களுக்காக வாரேன். இதோட சரி" என்றாள் முத்து.

ஞாயிறு காலை ஏழே காலுக்கு எங்கள் வீடு இருக்கும் பாளையம்பட்டியில் டவுன் பஸ். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் பஸ் எட்டு மணிக்குக் கிடைத்தது. நரிக்குடியில் இறங்கி வீரசோழனுக்கு இன்னொரு பஸ். எல்லாம் சேர்த்து நாற்பது கிலோமீட்டர் சுமார் இருக்கும். எனக்கு 45 ரூபாய் ஆனது. முத்துவுக்கு மகளிர் இலவசம், ஆகையால் ஜன்னலோர சீட்டும் அவளுக்கே என்று சட்டம் பேசி உட்கார்ந்துகொண்டாள்.

திருச்சுழியில் பத்து நிமிடம் நிற்கும், டீ குடிக்கலாம். குண்டாற்றில் மணல்தான் ஓடுகிறது. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அங்கங்கே கரிமூட்டம் புகைகிற வாசம், தண்ணீரில்லாத கண்மாய்க்குள் ஆடுகள். கண்டக்டர் முத்துவின் மடியில் இருந்த தலையணைப் புத்தகத்தைப் பார்த்தார்.

"வக்கீலுக்குப் படிக்கிறாகளா?"

"இல்லண்ணே, ஜப்பான் பாஷை."

"நரிக்குடிக்கா ஜப்பான் படிக்கப் போறீக?" என்று சிரித்தார். நல்ல மனுஷன், கேலியாகச் சொல்லவில்லை. முத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து மணிக்கு வீரசோழன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடைவீதி பக்கம்தான். பரீதாக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பாவாடை சட்டைகள் தொங்கும் கடையில் எங்களை உட்காரவைத்து, இஞ்சி டீ சொல்லிவிட்டு, புத்தகத்தை வாங்கி நடுவில் பிரித்தார். இரண்டு வரி வாசித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இது பத்திரிகைக் கட்டுரை படிக்கிறவுகளுக்கு உள்ளது. யாரு வாங்குனா?"

முத்து என்னைக் கண்ணால் காட்டினாள்.

அதற்குள் ஒரு அம்மா மகளோடு வந்து கவுன் கேட்டார். பரீதாக்கா எடுத்துப் போட்டதை "இன்னும் கொஞ்சம் பெருசாக் குடுங்க, வளர்ற புள்ள" என்றார் அந்த அம்மா. எனக்கு நியாயம் கிடைத்தது போல இருந்தது. "பாத்தீகளாக்கா? அந்தக் கணக்குலதான் நானும் வாங்குனேன்" என்றேன்.

பரீதாக்கா கவுனை மடித்துப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "சட்டைய அப்படி எடுக்கலாம் தம்பி. கைய மடிச்சு விட்டுக்கிறலாம். செருப்ப அப்படி எடுக்க ஏலாது. போட்டு நடக்கணும்ல. புஸ்தகம் செருப்பு மாதிரி."

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். அவருடைய மகன் ஜப்பானில் பாலர் பள்ளியில் படித்தபோது சேர்ந்த சிறுவர் கதைப் புத்தகங்கள் பத்துப் பன்னிரண்டு. கூடவே அவரே படித்த ஒரு மெலிந்த சொல் புத்தகம். சமையலறை, குளியலறை, மருத்துவமனை என்று இடம் இடமாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படமும் ஒரு சின்ன வாக்கியமும். "அங்க போன புதுசுல டாக்டர்கிட்ட எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம நின்னேன். பெறகு புள்ளயோட சேந்து நானும் இதத்தான் வாசிச்சேன்" என்றார்.

"ஏதாவது ஒண்ண எடுத்து வாசி தங்கச்சி. அகராதியத் தொடாத."

முத்து ஒன்றை எடுத்தாள். முதல் பக்கம் தட்டுத் தடுமாறி வாசித்தாள். இரண்டாவது பக்கத்தில் ஒரு சொல் தெரியவில்லை, படத்தைப் பார்த்துவிட்டு மேலே போனாள். ஐந்தாறு பக்கம் போனதும் குரல் கொஞ்சம் வேகமெடுத்தது. கடைசிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பக்கென்று சிரித்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒரு தாத்தா பொழுதனைக்கும் கண்ணாடியத் தேடுறாருங்க. கடைசியில கெடச்சிருச்சு. எதப் படிக்கத் தேடுனோம்கிறது மறந்துபோச்சாம்."

பரீதாக்காவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் விளக்காமல் ஜப்பானிய மொழியில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி எழுந்து போய் நின்றேன்.

பணம் கொடுக்கப் போனால் வாங்கவில்லை. "அந்தப் பெரிய புஸ்தகத்த எனக்குக் குடுத்துட்டுப் போ. ஊருக்கு வந்து ஆறு வருசமாச்சு, பேச ஆளில்லாம நாக்கே தடிச்சுப்போச்சு. இது என் காலு அளவு" என்றார். "செவ்வாக்கெழமை ராத்திரி கடையடைச்சதும் போன் போடு. தமிழ் பேசுனா வச்சிருவேன்." வாங்கிய புத்தகம் வீணாகவில்லை என்று எனக்கும் ஒரு ஆறுதல்.

இதே தேடலில் இருப்பவர்களுக்கு நான் கற்றது: வாங்குமுன் நடுப்பக்கத்தைப் பிரித்து வாசித்துப் பாருங்கள். நாலைந்து சொல்லுக்கு மேல் இடறினால் வைத்துவிடுங்கள், இன்னும் கொஞ்சம் வளர்ந்து வாங்கலாம். சித்திர எழுத்துகளுக்கு மேலே உச்சரிப்பு எழுத்தும் அச்சிட்டிருக்க வேண்டும். சொல் புத்தகத்தில் வாக்கியம் இல்லாவிட்டால் வேண்டாம். போகிற வேலைக்கு ஒத்த சொற்கள் முதலில் வருவது நல்லது. சிறுவர் கதை என்று கூச்சப்படாதீர்கள். ஊருக்குத் திரும்பி வந்தவர்களின் பரணில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட்டால் வேலைக்காகாது. வீரசோழன் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிருங்கள், தொழுகைக்காகக் கடைகள் அடைத்திருக்கும். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

சாயங்காலம் அருப்புக்கோட்டை வந்து டவுன் பஸ் ஏறினோம். பாளையம்பட்டி ஸ்டாப் வந்ததும் எழுந்தேன். முத்து எழவில்லை.

"ரெண்டு பக்கந்தாங்க இருக்கு" என்றாள், தலையைத் தூக்காமல்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, துணிப்பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தோம். திங்கட்கிழமை அவள் மில்லுக்குப் போகவில்லை.