இரண்டாம் ஆண்டு அக்கா படம் அனுப்பவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அவருடைய மகன் குமரன் என்னிடம் கொடுத்தான். தம்பியாகிய நான் பல ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதே அவன் சொன்ன காரணம். அந்தக் குறிப்புகளில் அக்காவைச் சந்தேகப்பட்டு எழுதிய பக்கங்களும் உள்ளன. அவற்றை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா செலியமேட்டில் நெல் பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து நான். அப்பாவின் உயரமான சைக்கிளில் அவராகவே ஓட்டப் பழகினார். பாகூர்ப் பள்ளியில் என்னைச் சேர்த்தபோது கேரியரில் உட்கார வைத்து அவர்தான் அழைத்துப் போவார். "கால அகட்டி வெச்சிக்கடா, கம்பியில மாட்டிக்கும்" என்பார் தினமும். ஒரு நாள் நான் கேட்கவில்லை. அந்தத் தழும்பு என் வலது குதிகாலில் இன்னும் இருக்கிறது.

கரியமாணிக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டார். குமரனுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது அக்காவின் கணவர் காலமானார். அதன்பின் கரும்புக் கொல்லையை அக்காவே பார்த்துக்கொண்டார். வெட்டு ஆட்களிடம் பேசுவதும் தண்ணீர் கட்டுவதும் அவர் வேலைதான். விடிந்ததும் சைக்கிளில் கொல்லைக்குப் போவார். வெள்ளைச் சேலையோடு ஒரு பெண் சைக்கிள் ஓட்டுவதைச் சிலர் கிண்டல் செய்தார்கள். "அவுங்க வூட்டுச் சைக்கிளா ஓட்டறேன்?" என்று கேட்டுவிட்டு மிதித்தார். குமரனைச் செவிலியர் படிப்பு படிக்க வைத்தார். அவன் இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

குமரன் அழைத்ததால் அக்கா இரண்டு கோடைகளை அங்கே கழித்தார், ஒவ்வொரு முறையும் ஆறு மாதம். அது மேடும் பள்ளமுமான நாட்டுப்புறம். பக்கத்து வீட்டில் மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை இருந்தார். அக்காவுக்கு ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்து, கிராமம் கிராமமாகக் கூட்டிப்போனார். இருவருக்கும் பொதுவாக இருபது வார்த்தைகூட இல்லை. ஞாயிறுதோறும் அக்கா வாட்ஸ்அப்பில் குரலில் பேசி அனுப்புவார். நான் அதை நாட்குறிப்பில் எழுதிக்கொள்வேன்.

முதல் ஆண்டுக் குறிப்பு ஒன்று: "தம்பி, இன்னிக்கிப் பதினாலு கிலோமீட்டரு. கொல்ல நடுவுல வரப்பு மேல போற மாதிரி சின்ன ரோடு. ரெண்டு பக்கமும் ஆள் ஒசரத்துக்குச் செடி. மேட்டுல ஏறிப் பாத்தா ஊரெல்லாம் மஞ்சப் பூவு. ஆட்டுக்கெல்லாம் முதுகுல ஊதா மை தடவி வெச்சிருக்கானுங்க, யாரு ஆடுன்னு தெரியறதுக்கு." கூடவே நான்கைந்து படங்களும் வரும். நான் நில அளவையில் வேலை பார்ப்பவன். அவர் சொன்ன ஊர்களைக் கணினி வரைபடத்தில் தேடி அளந்து பார்த்தேன். அரைக் கிலோமீட்டருக்கு மேல் பிசகியதில்லை.

இரண்டாம் ஆண்டு கணக்கு உதைத்தது.

முதலாவதாக, படங்கள் வரவில்லை. கேட்டால் கேமரா ரிப்பேர் என்றார். அதே போனில் குமரன் எடுத்த அவனுடைய குழந்தையின் படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. தூரமும் ஒத்துவரவில்லை. முந்தைய கோடையில் பதினான்கு கிலோமீட்டருக்கே மூச்சு வாங்கியவர், அறுபத்திரண்டு வயதில், அந்த மேடுகளில், ஒரே நாளில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் போனதாகச் சொன்னார். இரண்டு ஆண்டுக் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. இரண்டாம் ஆண்டுப் பேச்சில் நிறமே இல்லை. அறுத்த புல்லின் வாசனை உண்டு. இடப்பக்கக் காற்று உண்டு. மேடு முடிந்து சைக்கிள் தானே ஓடத் தொடங்கும் இடம், மாதா கோயில் மணி, ஆடு கத்துவது எல்லாம் உண்டு. ஆட்டின் முதுகில் என்ன மை என்பது மட்டும் இல்லை.

ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரே கேள்வி: "கண்ணு டெஸ்ட் பண்ணியாடா?" ஒன்பது முறை கேட்டதாகக் குறித்திருக்கிறேன். பேச்சை மாற்ற அதை ஒரு வழியாக வைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

அந்த வாரம் நான் எழுதியது இது: "அக்கா எங்கும் போகவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். யாரோ சொல்வதைக் கேட்டு என்னிடம் ஒப்பிக்கிறார். அழைத்து வந்துவிட வேண்டும்."

குமரனை அழைத்தேன்.

"உங்கம்மாவ வூட்ல வேலக்காரி ஆக்கிட்டியா?"

"மாமா, அம்மா நல்லா இருக்காங்க."

"அப்ப படம் அனுப்பு. சைக்கிள்ல குந்தியிருக்கற படம். இன்னிக்கே."

"இன்னாத்துக்கு இப்படித் தோண்டறீங்க? ஆபீசு வேலைய ஆபீசோட வெச்சிக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். படமும் வரவில்லை. இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது எல்லாவற்றிலும் சந்தேகம் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் ஸ்கூட்டரின் இடப்பக்கக் கண்ணாடி மூன்று முறை உடைந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர்தான் என்று எழுதி, நேரத்தையும் குறித்து வைத்திருந்தேன்.

அந்தக் கோடையில்தான் என் மகள் செல்விக்கு வரன் அமைந்தது. நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் தாயார், "தப்பா நெனைக்காதீங்க, பரம்பரையா ஏதாவது வியாதி உண்டா?" என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். தெரிந்தவரையில் அது உண்மை.

அக்கா திருமணத்துக்கு வந்தார். விமான நிலையத்தில் குமரனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பயணக் களைப்பு என்றான். மண்டபத்தில் பெரியப்பா மகள் என்னைத் தனியாக இழுத்து, "ஒங்கக்காவுக்கு லண்டன் போயி தலக்கனம் ஏறிடிச்சி. எதிர்லயே நிக்கறேன், யாரோன்னு பாக்குது. வாயத் தொறந்து பேசனப்பறம்தான் சிரிக்குது" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

திருமணம் முடிந்த மூன்றாம் நாள், அக்காவின் பழைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வாசலில் நிறுத்தினேன். அது நல்ல எண்ணத்தில் செய்ததல்ல. பொய்யைப் பிடிக்க வேண்டும் என்று செய்தேன்.

"முப்பத்தெட்டு கிலோமீட்டர் போனியே. ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக் காட்டு."

அக்கா ஹேண்டில்பாரைத் தடவிப் பிடித்தார். மணியை ஒரு முறை அடித்தார். பிறகு சீட்டின் மேலேயே கையை ஓட்டிக்கொண்டு பின்னால் போய், கேரியரில் உட்கார்ந்தார்.

"நீ ஓட்டுடா. அங்கயும் நான் பின்னாடிதான்."

மார்கரெட் அம்மா இருவர் மிதிக்கும் நீளமான சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். முன்னால் அவர் வழி பார்த்து ஓட்ட, பின்னால் அக்கா மிதித்திருக்கிறார். முப்பத்தெட்டு கிலோமீட்டரும் உண்மை.

அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலி இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் நோய் அது. போன பார்வை திரும்பாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் சொட்டு மருந்தால் மீதியைக் காப்பாற்றலாம். அக்காவுக்குக் கண்டுபிடித்தபோது மீதி கொஞ்சம்தான் இருந்தது. உடன்பிறந்தவர்களுக்கும் வரக்கூடியது என்று அங்கே மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"என்கிட்ட ஏன் மறைச்ச?"

"கண்ணு போற குடும்பம்னு ஒரு வார்த்த வெளிய போனா செல்வி கல்யாணம் நின்னுடும். ஒன்கிட்ட சொன்னா மொதல்ல நோட்டுல எழுதுவ. சம்பந்தியம்மா கேட்டா அத எடுத்துப் படிச்சே காட்டுவ."

அக்கா விடாமல் தொடர்ந்தார்.

"அதான் டெஸ்ட் பண்ணு, டெஸ்ட் பண்ணுன்னு கத்துனேன். எதையெதையோ தோண்டற, அதத் தோண்டல நீ."

அடுத்த நாளே பரிசோதனைக்குப் போனேன். எனக்கும் அழுத்தம் இருந்தது. இடப்பக்க ஓரம் ஏற்கெனவே கொஞ்சம் போயிருந்தது. ஸ்கூட்டர் கண்ணாடியை மூன்று முறையும் எங்கள் வீட்டுக் கேட்டுத் தூணில் இடித்து உடைத்தது நான்தான். எதிர்வீட்டுக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவரைச் சந்தேகப்பட்டது அவருக்கு அதுவரை தெரியாது.

குமரனிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க மாமா, இன்னா பண்றது" என்றான்.

அக்கா திரும்ப இங்கிலாந்து போகவில்லை. அடுத்த எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்ட, அவர் கேரியரில் வந்தார். செலியமேட்டிலிருந்து பாகூர் ஏரிக்கரை, அங்கிருந்து கரியமாணிக்கம் என்று வழியை அவரே சொல்வார். "நம்மூர்ல மேடே இல்லடா. ஏரிக்கர ஏறனாதான் மல ஏறன மாதிரி" என்பார். முதல் நாள் கரைமேல் நின்று, "இன்னா தெரியுது?" என்று கேட்டார். ஏரி தெரிகிறது என்றேன்.

"மார்கரெட்டம்மா இப்படிச் சொல்லமாட்டாங்க. அவுங்க பாஷ தெரியாமலே எனக்கு எல்லாம் புரிஞ்சிச்சி. நீ அளக்கறவன்தான, அளந்து சொல்லு."

பதினொரு கொக்கு, மதகுக்கு வடக்கே ஏழு, தெற்கே நான்கு என்றேன். "ம், இப்ப தெரியுது" என்றார்.

சென்ற ஆண்டு, அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதற்கு முன், மாரடைப்பால் அக்கா காலமானார். சைக்கிள் வாசலில் நின்றிருந்தது.

அன்று முதல் காரியம் முடியும்வரை கூட இருந்த கரியமாணிக்கம் தெருவினருக்கும், பந்தல் போட்டுச் சமைத்தவர்களுக்கும், செய்தி கேட்டதும் குமரனின் கையைப் பிடித்துக்கொண்டு விமான நிலையம்வரை வந்த மார்கரெட் அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதையெல்லாம் அச்சில் போடலாமா என்று செல்வியிடமும் மாப்பிள்ளையிடமும் கேட்டேன். "எழுதுங்க மாமா, எங்கம்மாவையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாப்பிள்ளை. அவருக்கும் நன்றி.

இந்த மலரைப் படிக்கும் நம் சொந்தங்களில் சிலருக்கு ஓரம் மங்குவது தெரிந்தும், வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாணத்துக்கு இருப்பதால் மறைக்கிறீர்கள் என்று நான் சந்தேகப்படுகிறேன். இந்த முறை என் சந்தேகம் பொய்யானால் மகிழ்வேன். நினைவு நாளன்று படையலுக்கு முன், காலை ஒன்பது மணிக்கு, கரியமாணிக்கம் வீட்டுக்குக் கண் மருத்துவர் ஒருவர் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். அக்காவின் இரத்த உறவுகள் இருபத்து மூன்று பேரின் பெயரையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். வந்தவர்களுக்கு நேராகக் குறியிடுவேன். வராதவர்களைத் தேடி அடுத்த ஞாயிறு சைக்கிளில் வருவேன்.