தையல்காரம்மா காட்டிய ஆள்

எஸ்.ஐ.யை ஸ்டேஷனில் ‘துருவி’ என்பார்கள். கேள்வி கேட்டே ஆளைக் கரைத்துவிடுவார். ஆனால் வீட்டில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் துருவியதில்லை. அவருக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா லாரியில் அடிபட்டுச் செத்துப்போனார். அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மாவின் முகம் வாடிவிடும்.

அவர் லீவில் இருந்த நாளில், தையல்காரம்மாவின் கடையில் பட்டப்பகலில் இரண்டு மிஷின் மோட்டார்கள் திருடுபோயின. மறுநாள் சந்தேகத்தில் பிடித்துவந்தவர்களைப் பார்த்து அந்தம்மா உதட்டைப் பிதுக்கினார். திரும்பும்போது கதவோரம் நின்ற எஸ்.ஐ. கண்ணில் பட்டார்.

“இதோ, இவன்தான்!”

“அம்மா, அவர் எங்க எஸ்.ஐ.” என்றார் ஏட்டு.

“யாரா இருந்தா எனக்கென்ன? எதிர்ல நின்னு பட்டன் விலை கேட்டானே! மீசை மட்டும்தான் புதுசு.”

ஸ்டேஷனே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார்.

சாயங்காலம் மஃப்டியில் பழைய சாமான் கடைகளுக்குப் போனார். மூன்றாவது கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே, “வாப்பா, இன்னொரு மோட்டார் எங்க? அட, அதுக்குள்ள மீசை மொளச்சிடுச்சா?” என்றார்.

எஸ்.ஐ. தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். திருட்டு நடந்த அன்று வீட்டில்தானே தூங்கிக்கொண்டிருந்தோம்? தூங்கினோமா? பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் அந்தக் கேள்வி விடவில்லை.

வீட்டுக்கு வந்து நேராகச் சமையலறைக்குள் போனார். “அம்மா, எனக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களா?”

அம்மா துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“உங்கப்பா லாரில அடிபடலடா. லாரில ஏறிப் போயிட்டார். இன்னொருத்தியோட.”

“செத்துட்டார்னு சொன்னியேம்மா!”

“இருக்கார்னா நீ தேடிக்கிட்டே இருப்பே. அதான்.”

அவருக்குக் கோபம் வரவேண்டும் போலிருந்தது, வரவில்லை. அழுகையும் வரவில்லை.

காலையில் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். ஏட்டு, “நம்ம சார் மாதிரி, மீசை இல்லாம” என்று கடைக்காரரிடம் சொல்லிவைத்தார். இரண்டாவது மோட்டாரோடு வந்தவன் அங்கேயே மாட்டினான். வேலை போன மெக்கானிக், எஸ்.ஐ.யைவிடச் சின்னவன்.

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் தன் மூக்கும் தன் தாடையும் உட்கார்ந்திருப்பதை எஸ்.ஐ. பார்த்தார். அவனும் வாய்பிளந்து பார்த்தான்.

“எங்கப்பா ஜாடை அப்படியே இருக்கு சார் உங்களுக்கு.”

“எங்க இருக்கார் உங்கப்பா?”

“தவறிட்டாரு. ரெண்டு வருஷமாச்சு.”

“எப்பவாவது என்னைப் பத்தி…” கேள்வி பாதியில் நின்றது.

“உங்களப் பத்தியா? எதுக்கு சார்?”

அப்பா தவறிப்போனதை அம்மாவிடம் சொன்னபோது, “நெஜமாவேவா?” என்று கேட்டார். பிறகு சுவரோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். இத்தனை வருஷம் செத்தவராகவே இருந்த ஒருவருக்கு இப்போது எப்படித் துக்கப்படுவது என்று மகனுக்குப் புரியவில்லை.

மெக்கானிக்குக் கொஞ்ச காலம் ஜெயில். எஸ்.ஐ. முதல் தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். இரண்டாம் தடவை உள்ளே போனார். அதற்குள் ஏட்டு சொல்லி அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வெகுநேரம் இருவரும் மோட்டார்களைப் பற்றியே பேசினார்கள்.

கிளம்பும்போது அவன் கேட்டான்: “இனிமே சார்னு கூப்பிடறதா, என்னன்னு கூப்பிடறது?”

“தெரியலடா,” என்றார் அவர். “அடுத்த வாரம் வரேன்.”