ஈயத்துக்கு வக்காலத்து

மலையூரான நடுவட்டத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் இசக்கிமுத்துவுக்கு உலகத்தில் பாதிப் பேர் முட்டாள்கள். மீதிப் பேர் லித்தியம் பேட்டரி வாங்கியவர்கள். முப்பது வருடமாக ஈய பேட்டரிகளுக்கு ஆசிட் ஊற்றி விரல் நகமெல்லாம் பழுப்பேறிப்போன மனிதர். அந்தப் பழுப்பையே பட்டம் வாங்கியதுபோல் காட்டிக்கொண்டு திரிவார்.

பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் பன்னிரண்டு இன்வெர்ட்டருக்கும் லித்தியம் போடப்போவதாகக் கேள்விப்பட்டதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலை போனால் கடைக்குப் பூட்டுதான். அசிஸ்டென்ட் மேனேஜர் ரமேஷ்குமார் ஒரு பேச்சுக்கு அவரிடமும் கருத்துக் கேட்க வந்தார். வாய்க்கு வாய் பசுமை என்பார். லித்தியத்தை எந்த ஊர்த் தண்ணீரைக் கெடுத்து எடுக்கிறார்கள் என்று கேட்டால் முழிப்பார்.

"ஏனுங்க சார், உங்க லித்தியம் பத்து வருசம் உழைக்கும், ஒத்துக்கறனுங்க. செத்தா யாரு வாங்குவா? உப்பிப்போன லித்தியம் டார்ச் பேட்டரியெல்லாம் உங்க ஃபேக்டரிக்குப் பின்னால தேயிலைக்குள்ளதான் கெடக்குது. என்னோடது மூணு வருசத்துல செத்தாலும் எடைக்குப் போவுதுங்க. உருக்கி மறுபடியும் பேட்டரி ஆக்கிருவாங்க."

பசுமையைப் பற்றி ரமேஷ்குமார் படித்து வைத்தது அவ்வளவுதான். "சரிங்க, ஈயமே இருக்கட்டும்" என்று எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து இசக்கிமுத்துவின் மனைவி சசிகலா மேட்டுக் குழாயிலிருந்து குடத்தைச் சுமந்துகொண்டு வந்தாள். கடைக்குக் கீழேயே ஊற்று இருக்கும்போது இவ்வளவு தூரம் ஏறிப்போவானேன் என்று ரமேஷ்குமார் சும்மா கேட்டுவைத்தார்.

"அது ஆசிட் எறங்குன தண்ணிங்க. பழைய பேட்டரிய எடைக்குப் போட இவரு கூடலூருக்கு பஸ்லதான் கொண்டுபோறாரு. வளைவுல ஆசிட் சிந்துச்சுன்னு கண்டக்டர் ஒருக்கா எறக்கிவுட்டுட்டாரு. அதுலருந்து கடைக்குப் பின்னால ஓடையில ஆசிட்டக் கவுத்துட்டுத்தான் பஸ் ஏத்தறாரு. அந்தத் தண்ணிய எங்கூட்டு மாட்டுக்குக்கூட வெக்கறதில்லீங்க, ஒம்பது வருசமா."

ரமேஷ்குமார் ஓடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "லித்தியமே போட்டுக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். செத்தது எங்கே போகும் என்று இப்போதும் அவர் யோசிக்கவில்லை.

மனைவி ஊர்வம்பு பேசத்தான் மேட்டுக்குப் போகிறாள் என்று ஒன்பது வருடமாக நாலு பேர் முன்னால் ஏசியவர் இசக்கிமுத்து. நாக்கு வறண்டுபோய்க் கேட்டார்: "ஏன்டி இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னைய முட்டாளுன்னுருப்பீங்க" என்றாள் சசிகலா. குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு அவர் கையில் கொடுத்தாள்.