ருக்குமணியின் கண்ணும் நல்லுசாமியின் ஏர்கோனும்

ருக்குமணியைப் பொறாமைக்காரி என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இல்லை. அடுத்தவள் புதுச்சேலை கட்டினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அதை அவள் மறைக்கவும் மாட்டாள். "எனக்கு வயிறு எரியுது, வாய் விட்டுச் சொல்றேன். நீங்கல்லாம் எரிஞ்சுக்கிட்டே சிரிக்கிறீங்க," என்பாள்.

ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் அவள். புருஷன் சிவசாமிக்குத் தொழிற்சாலையில் இலை காயவைக்கும் வேலை. சிவசாமியின் தம்பி நல்லுசாமியும் முதலில் தோட்டத்தில்தான் இருந்தான். பிறகு லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நிலம் எடுத்து கோஸ் போட்டான், தக்காளி போட்டான், ரிங்லெட் டவுனில் வீடு பிடித்தான். போகட்டும் என்று ருக்குமணி பொறுத்துக்கொண்டாள். எண்பத்து நான்காம் வருடம் அவன் குளிர்காற்று அடிக்கும் ஏர்கோன் வைத்த புது பிக்கப் வண்டி வாங்கிக்கொண்டு மலையேறி வந்தபோதுதான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நல்லுசாமியின் பெண்டாட்டி பாஞ்சாலை மேல்தான் அவளுக்கு முழு எரிச்சலும். பாஞ்சாலை கீழே வெயில் ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் சுவெட்டர்கூட இல்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றாள். தான் போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தவள் ருக்குமணி. "என் சுவெட்டரை வாங்கிப் போட்டவ, இப்ப குளிரைக் காசு குடுத்து வாங்குறா," என்று அவள் சொன்னபோது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டார்கள். நல்லுசாமி நல்லவன். அண்ணியைத்தான் முதலில் கூப்பிட்டு முன்சீட்டில் உட்காரவைத்து ஏர்கோனைத் திறந்து காட்டினான். வெளியே நாங்கள் காதுக்குத் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறோம். உள்ளே அதைவிட ஜில்லென்று காற்று வருகிறது.

"இங்க அடிக்கிற குளிரு பத்தலையா தம்பி?" என்றாள் ருக்குமணி.

"மேல இருக்கறப்ப எதுக்கு அண்ணி. கீழ தாப்பா எறங்கினா அனல்லா. அதுக்குத்தான்."

அவள் இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்தாள். கதவைத் தடவினாள், கண்ணாடியைத் தடவினாள். "நல்லா இருக்கு," என்றாள். கண்ணுபடாம இருக்கணும் என்று கூடவே சேர்த்துச் சொல்வது வழக்கம். அதை அவள் சொல்லவில்லை. பாஞ்சாலை அதைக் கவனித்துவிட்டாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அன்று மாலையே பாஞ்சாலை ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையைப் பிடித்து, அதில் கோரைப்பல்லும் முட்டைக்கண்ணுமாக ஒரு பூத முகம் எழுதவைத்து, வண்டியின் முன்பக்கக் கம்பியில் கட்டினாள். அதற்குப் பிறகுதான் அவளே வண்டியில் ஏறினாள்.

அடுத்த தடவை காய்கறி ஏற்றிக்கொண்டு இருவரும் ஈப்போ பாசாரில் விற்கப் போனார்கள். தாப்பா வந்ததும் ஏர்கோனைத் திறந்தால் வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்த மாதிரி காற்று வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு, வேர்த்து வழிந்து, போய்த் திரும்பினார்கள். பாஞ்சாலைக்குச் சந்தேகமே இல்லை. எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள். முதல் பூதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பூதத்தைக் கட்டினாள். காற்று இன்னும் மோசமானது.

பிறகு நல்லுசாமி தனியாகப் போனபோது ஈப்போவில் ஒரு பட்டறையில் காட்டினான். பட்டறைக்காரச் சீனன் திறந்து பார்த்து, கை வைத்துப் பார்த்து, ஒன்றும் கெடவில்லை, நன்றாகத்தான் குளிர்கிறது என்று அனுப்பிவிட்டான். உண்மைதான். ஈப்போ பாசாரில் நிற்கும்போது உள்ளே உட்கார்ந்தால் பனிக்கட்டி மாதிரி இருக்கும். தாப்பா வந்து மலைப்பாதையில் திரும்பினால் அடங்கிப்போகும். அவன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பாஞ்சாலை எங்கள் லயத்துக் குழாயடிக்கு வந்து சொன்னாள்: "பாருங்க. அக்கா கண்ணு எட்டாத ஊருல நல்லா குளிருது. நம்ம பக்கம் திரும்பினா செத்துப்போவுது."

குழாயடியில் சொன்னது பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கப் பரவியது. ருக்குமணிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் பெருமையாக இருந்தது. இத்தனை வருடமாக வயிறு எரிந்ததற்கு ஒரு பலன் இருந்ததே. சோதித்துப் பார்ப்போம் என்று தோட்ட ஆபீஸ் கிராணி வீட்டு ஜன்னலில் இருந்த ரேடியோவைப் போகும்போதும் வரும்போதும் முறைத்துப் பார்த்தாள். சில நாளில் அது கரகரத்து நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சிவசாமி சொன்னான். அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தன் கண்ணைப் பார்த்தே பயம் வந்துவிட்டது.

பிக்கப் ஹாரன் கேட்டால் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். லயத்துப் பெண்கள் அவள் வருவதைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். யாரும் அவளிடம் புதுச்சேலையைக் காட்டவில்லை. பொறாமைப்படக்கூட ஆளில்லாமல் போனது அவளுக்கு.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். நல்லுசாமியின் மகள் சாரதாவுக்குக் கல்யாணம் வந்தபோதுதான் கலங்கிப்போனாள். ருக்குமணி பெற்றது இரண்டும் ஆண். சாரதாவை இடுப்பில் தூக்கி, மலைக்குக் கொண்டுபோய், கொழுந்துக் கூடை பக்கத்தில் படுக்கவைத்து வளர்த்தவள் அவள்தான். பெரியம்மா என்ற முறையில் முதல் நலங்கு வைக்கும் உரிமை அவளுக்கு. அந்த ஒன்றையாவது பாஞ்சாலை தன்னிடமிருந்து பறித்துவிடக் கூடாதே என்று அவள் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீடு தாப்பாவில். அங்கே கோயில் மண்டபத்தில் சாயங்காலம் நலங்கு, மறுநாள் தாலி. பிக்கப்பின் முன்சீட்டில் நல்லுசாமி, நடுவில் கல்யாணப்பெண், ஓரத்தில் பாஞ்சாலை. பின்னால் கன்வாஸ் கட்டி, ருக்குமணியும் சிவசாமியும் நாங்கள் சிலரும் சாமான்களோடு உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் ஒப்பனை கெடக்கூடாது என்று கண்ணாடிகளை ஏற்றி ஏர்கோனை வைத்திருந்தார்கள். வளைவுகள் இறங்க இறங்க வெயில் ஏறியது. அருவி ஓரம் வண்டி நின்றபோது சாரதாவின் முகத்து மாவு கோடுகோடாக வழிந்திருந்தது.

பாஞ்சாலை இறங்கிப் பின்பக்கம் வந்தாள். நேரே பார்க்காமல், ருக்குமணியின் கால் பக்கம் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நலங்கு எங்கம்மா முதல்ல வைக்கட்டும். நீங்க கடைசியா வைங்க. நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க."

ருக்குமணி கன்வாஸைத் தள்ளிக்கொண்டு கீழே குதித்தாள். நேரே வண்டியின் முன்பக்கம் போனாள். இரண்டு பூதங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு அவளைப் பார்த்தன.

"எனக்காகத்தானே இதைக் கட்டின? நானே இந்த வண்டியில ஏறி ஒக்காந்தாச்சு. இனி இது யாருக்குக் காவலு?" என்றாள். கயிற்றை இழுத்துப் பிய்த்து, பலகை, மிளகாய், எலுமிச்சை எல்லாவற்றையும் பள்ளத்தில் வீசினாள். "பொறாமைதான் எனக்கு. இல்லேங்கலை. ஒன் மேல பொறாமை, ஒன் வீட்டு மேல பொறாமை. ஆனா அந்தப் புள்ளை நல்லா இருக்கக்கூடாதுன்னு ஒரு நாளும் இந்தக் கண்ணு பாத்ததில்ல."

உள்ளே சாரதா அழுதுகொண்டிருந்தாள். ருக்குமணி திரும்பி வந்து ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

சற்று தூரம்தான் போயிருப்போம். வண்டி மறுபடி நின்றது. பாஞ்சாலை ஓடி வந்தாள். அவள் கையில் ரோமம் சிலிர்த்து நின்றது.

"அக்கா, குளுருதுக்கா. அப்பிடியே பூசை அன்னிக்குச் சொன்ன மாதிரி குளுருது. கண்ணை எடுத்துட்டீங்களா?"

ருக்குமணி அவளைப் பார்த்தாள். எடுத்தேனா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பெரிய சக்தியை யார்தான் சட்டென்று கீழே வைப்பார்கள்?

தாப்பா கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நல்லுசாமி முன்பக்கம் போய் நின்றான். வெறும் கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

"பாஞ்சாலை, இங்க வா. ஒண்ணு சொல்றேன், திட்டாத. ஈப்போ பாசார்ல பசங்க ஹந்து லோரி, பேய் லோரின்னு கூவுறாங்கன்னு, இந்தப் பலகைய தாப்பாவுலயே கழட்டி சாக்குக்கு அடியில வச்சிடுவேன். வர்றப்ப திரும்பக் கட்டிக்கிட்டு மேல வருவேன். ஒனக்குப் பயந்து சொல்லலை."

"அதுக்கென்ன இப்ப?"

"கழட்டினா குளுருது, கட்டினா குளுரலை. ஏர்கோன் மிசினுக்குக் காத்து போற வாய நாமதான் அடைச்சிருக்கோம். அண்ணி கண்ணு இல்லலா. நீ கட்டின பூதம்."

பாஞ்சாலையின் முகம் அப்போது போன போக்கை நான் சொல்ல வேண்டியதில்லை. சிவசாமிதான் முதலில் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். பாஞ்சாலை சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, தன் தாயைத் தாண்டி, ருக்குமணியின் கையில் வைத்தாள். "மன்னிச்சிடுங்கக்கா. நீங்கதான் முதல்ல," என்றாள். ருக்குமணி சாரதாவின் கன்னத்தில் சந்தனம் தடவினாள். பிள்ளையின் முகத்தை நேராக, ஆசைதீரப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் தாலி கட்டி, பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது நடுச்சீட்டு காலி. பாஞ்சாலை ருக்குமணியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அங்கே உட்காரவைத்தாள். அவர்களுக்குப் பின்னால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நான் உட்கார்ந்திருந்தேன். பாஞ்சாலையின் பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்ததால் பேச்சு கேட்டது. ரிங்லெட்டை நெருங்கும்போது தூறல் போட்டு, பனி இறங்கிவிட்டது. நல்லுசாமி ஏர்கோனை அடைக்கக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும் தம்பி," என்றாள் ருக்குமணி.

"அக்கா, பல்லு தந்தியடிக்குது ஒங்களுக்கு. இந்தாங்க," என்று பாஞ்சாலை தன் சுவெட்டரைக் கழற்றி நீட்டினாள்.

ருக்குமணி அதைத் தொடவில்லை. "எனக்கென்ன குளுரு? இத்தனை மாசம் நீ ஆசைதீர அனுபவிச்ச. நான் ஒரு நாளு அனுபவிக்கக் கூடாதா?"

"நான் எங்கக்கா அனுபவிச்சேன்? பூசை அன்னிக்கு ஒங்களத்தான் இவரு முதல்ல ஒக்கார வச்சாரு. நான் ஏறுறதுக்குள்ளதான் பலகைய கட்டித் தொலைச்சேனே. வெந்துதானே கெடந்தேன்."

ருக்குமணி ஏர்கோன் பக்கம் திரும்பினாள். காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இதுலயும் நாந்தான் முதல்ல," என்றாள்.

"நீங்கதான்க்கா."

அதற்கப்புறம்தான் அவள் சுவெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.