நடு உருண்டைக்கு வைத்த பிசின்

கோம்பையில் இருந்தோம் அப்போது. என் மகள் தேனியில் வேதியியல் படித்தாள். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவதில் என்னைக் கொண்டு பிறந்தவள். வகுப்பில் எழுந்து பாடம் சொல்ல அவள் முறை வந்தது. வாய் தடுமாறினாலும் கை காட்டிவிடட்டும் என்று, வாய்க்கால் களிமண்ணை உருட்டி விளக்குமாற்றுக் குச்சிகளில் கோத்தாள். கரி பூசியது கார்பனாம், செங்காவி ஆக்சிஜனாம், சுண்ணாம்பு பூசிய சின்ன உருண்டைகள் ஹைட்ரஜனாம்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது தூக்கிப் பார்த்தேன். எல்லாம் கெட்டியாக இருக்க, நடுவிலிருந்த வெள்ளை உருண்டைகள் மட்டும் ஆடின. பஸ் நெரிசலில் விழுந்துவிடுமே என்று வேலம்பிசின் வைத்து இறுக்கினேன். அவளைக் கேட்டிருக்கலாம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், கேட்டால் சிரிப்பாளோ என்று கூச்சம்.

மறுநாள் பையை வீசிவிட்டு உட்கார்ந்தாள்.

"நடு ஹைட்ரஜன் தொட்டாலே வந்துரும், பாருங்கன்னு இழுக்குறேன், அசையவே இல்லம்மா. இழுத்த இழுப்புல, மத்தக் கை பிடிச்சிருந்த ஓரத்து உருண்டை கையோட வந்துருச்சு. 'ஏலே, மாட்டுக் கொம்பப் பிடுங்குறாடா'ன்னு ஒருத்தன் சொல்லவும் எல்லாரும் சிரிச்சாக. சார் வெள்ளிக்கிழமை மறுபடி சொல்லச் சொன்னாக. நான் போகல."



"நாந்தான் ஆத்தா, பிசின் வச்சேன். ஆடுச்சு."

"ஆடணும்னுதானம்மா வச்சேன்!"

திட்டியிருந்தால் தேவலை. அழுதாள். வேறு வழி தெரியாமல், அவள் படிப்பைப் பற்றி முதல் முறையாகக் கேட்டேன். "அது மட்டும் ஏன் ஆடணும்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "கார்பன்ல இருக்குற ஹைட்ரஜன் லேசுல கழறாது. கழண்டா எலெக்ட்ரான விட்டுட்டுப் போயிரும். அந்தச் சுமையக் கார்பன் தனியாத் தாங்காது. நடுவுல இருக்குற கார்பனுக்கு ரெண்டு பக்கமும் ஆக்சிஜன்காரக இருக்காக, சுமைய வாங்கிக்கிறாக. அதான் லேசா கழண்டுரும். ஓரத்துல இருக்குறதுக்கு ஒரு பக்கந்தான் ஆளு, அது அவ்வளவு லேசுல வராது."

எங்கேயும் தடுமாறவில்லை.

"இதயே அங்கன சொல்லு ஆத்தா."

"அங்கன நீயா உக்காந்திருப்ப?" என்றாள். ஆனாலும் புதிதாக மண் உருட்டினாள். நான் கிட்டேயே போகவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறும்போது நடு உருண்டை ஒன்று என் காலடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்த நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"எடுத்துத் தாம்மா. விழுறதுதான் பாடமே," என்று சிரித்தாள்.

சாயங்காலம் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தாள். யாரும் சிரிக்கவில்லையாம். முதல் நாள் சிரித்தார்களே, அது மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.